நாகவல்லி எழும்பிய மில்

நெற்குப்பை ஊர் அரிசி மில்லில் ஏதாவது உடையப்போகிறது என்றால், அங்கே அரிசி புடைத்த நாகவல்லியின் கால்கள் தரையைவிட்டு எழும்பிவிடும். முதன்முறை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் ஒரு சாண் உயரம் எழும்பினாள். வெறும் வயிற்றோடு வந்திருப்பாள் என்று மற்ற பெண்கள் நீராகாரம் கொடுத்தார்கள். அன்று மாலை எஞ்சினின் பெரிய சக்கரத்திலிருந்து பெல்ட் அறுந்து, பக்கத்தில் நின்ற அவள் புருஷன் சோணையின் மார்பில் அடித்தது. அவன் பிழைக்கவில்லை. காரியம் முடிந்ததும் அவள் அதே மில்லுக்குத்தான் வேலைக்கு வந்தாள், வேறு போக்கில்லை.

எஞ்சின் ஓட்டிய ஆசைத்தம்பி கொல்லர் குடும்பத்துக்காரர். சோணையைக் கொன்ற பெல்ட்டை அவர் எறியவில்லை. சாக்கில் விரித்துப் பார்த்தார். சக்கரம் லேசாகக் கோணியிருந்ததால் அதன் ஓரம் மாதக்கணக்கில் உரசித் தேய்ந்திருந்தது. அடுத்து நாகவல்லி முழ உயரம் எழும்பியபோது பேரிங் உருகியது. எண்ணெய் இறங்கும் துளையைத் தவிடு அடைத்திருந்தது. எதுவும் திடீரென்று உடையவில்லை, தேய்ந்துகொண்டு வந்ததை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. வெள்ளிக்கிழமைதோறும் எஞ்சினை நிறுத்திப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்று முதலாளி வைரவன் செட்டியாரிடம் கேட்டார். “ஓடுற மிஷினை நிப்பாட்டிட்டு என்னத்தப்பா பாக்கப்போறே?” என்றார் செட்டியார்.

தை அறுவடையில் நெல் வண்டிகள் தெருக்கோடி வரை நின்றன. உச்சிப்பொழுதில் நாகவல்லி முறத்தோடு எழும்பினாள். இம்முறை ஆட்களின் தலையைத் தாண்டி, கூரைத் தகரத்தில் கொண்டை இடிக்கும் வரை போனாள். நெல் கொட்டியவர்கள் கையை நிறுத்தினார்கள். செட்டியார் பெரிய சக்கரத்தின் அருகே போய் நின்று, இந்த வண்டியை முடித்துவிட்டுத்தான் மறு பேச்சு என்றார். உத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நாகவல்லி சொன்னாள்: “முதலாளி, அங்குட்டு நிக்காதீக. எம் புருசனும் அங்கனதான் நின்னாக.”

செட்டியாரின் கால் தானாகப் பின்னுக்கு நகர்ந்தது. ஆசைத்தம்பி உத்தரவுக்குக் காத்திராமல் எஞ்சினுக்குப் போகும் எரி எண்ணெயை அடைத்தார். கனத்த சக்கரம் உடனே அடங்கவில்லை, தடதடத்தபடி சுற்றியது. சக்கரம் தளரத் தளர நாகவல்லி இறங்கினாள். அது நின்றபோது அவள் பாதம் தரையில் பட்டது. அச்சைக் கழற்றிப் பார்த்தால் குறுக்கே விரிசல். அதன் பெரும்பகுதியில் பழைய துரு ஏறியிருந்தது, ஓரத்தில் மட்டும் புதுப் பளபளப்பு. ஒட்டிக்கொண்டிருந்தது விரல் அகலந்தான். செட்டியார் விரிசலில் நகத்தை வைத்துப் பார்த்தார். சோணை எந்த இடத்தில் நின்றான் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அந்த வாரமே வெள்ளிக்கிழமை மில் நின்றது.

பிறகு வெகுகாலம் எதுவும் உடையவில்லை, நாகவல்லியும் எழும்பவில்லை. முப்பத்துநாலில் ஒரு சனிக்கிழமை, எல்லாவற்றையும் துடைத்து மாட்டிய மறுநாளே, அவள் மெல்ல மேலே போனாள். ஆசைத்தம்பி பதறி எஞ்சினை நிறுத்தினார். அச்சைத் தட்டிப் பார்த்தார், பேரிங்கைப் பிரித்தார், பெல்ட்டைத் தடவினார். ஒரு குறையுமில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கப்போனவரை மேலேயிருந்து அவள்தான் தடுத்தாள்: “மிஷினுக்கு ஒண்ணுமில்லண்ணே, ஓட்டுங்க. எனக்குத்தான் செத்த நேரம் இப்படி இருக்கணும்போல இருக்கு.”

அவர் எஞ்சினைக் கிளப்பினார். பெண்கள் அவள் பங்குக்குப் புடைக்க வேண்டிய அரிசியைக் கூடையில் கட்டிக் கயிற்றில் மேலே அனுப்பினார்கள்.