மாப்பிள்ளை மாற்றிய பூட்டு

என் மாப்பிள்ளையை ஊரே கும்பிட்டது. நான் நம்பவில்லை. அவன் செத்துப் பதினோரு நாள் ஆன பிறகும் நம்பவில்லை.

ஐம்பது வருடம் பூட்டுக்கடை வைத்துப் பிழைத்தவன் நான். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. பூட்டியிருக்கிற எதுவும் சும்மா பூட்டியிருக்காது என்பதுதான் நான் படித்த படிப்பு.

அவன் கடல் தாண்டி வந்தவன். கைப்பிடி அறுந்த ஒரு பெட்டிக்குப் பூட்டு வாங்கத்தான் முதலில் என் கடைக்கு வந்தான். "அங்க என்ன வேலை?" என்றேன். "பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தேன்" என்றான். "அப்புறம் ஏன் வந்துட்ட?" என்றதற்கு, "பூட்டு நல்லா இருக்குங்க" என்றான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதவன் மேல் அன்றைக்கே எனக்கு ஒரு கண்.

நாலு வருடம் மருந்து கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டினான். பிறகுதான் அவன் படிப்பை இங்கே ஒத்துக்கொண்டு வாத்தியார் வேலை கொடுத்தார்கள். கட்டினால் அவனைத்தான் என்று என் மகள் ஒற்றைக்காலில் நின்றாள். கட்டி வைத்தேன். ஒரு இரும்பு பீரோவும் வாங்கிக் கொடுத்து, அதன் உள்ளறைக்கு நானே பூட்டு செய்து போட்டேன். சாவி இரண்டு என்று சொன்னேன். மூன்றாவது என்னிடம் இருந்தது.

பேத்திகள் இரண்டு பேருக்கும் தலை பின்னிவிட்டது அவன்தான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி வகிடு இருக்கும். பின்னிக்கொண்டே வாய்ப்பாடு கேட்பான். தப்பாகச் சொன்னால் அவிழ்த்து மறுபடி பின்னுவான், அவ்வளவுதான் தண்டனை. இத்தனை நல்லவன் எதையோ மறைக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர்கள் வெளியே போகும்போது உள்ளறையைத் திறந்து பார்ப்பேன். கடல் தாண்டி ஒரு பெண்டாட்டி, ஒரு போட்டோ, ஏதாவது இருக்கும் இல்லையா? காகிதக் கட்டுகள்தான் இருந்தன.

ஒருநாள் என் சாவி சுற்றவில்லை. பூட்டுக்குள் சாவிப் பல் தூக்குகிற லீவர் தகட்டை மாற்றியிருந்தான். பூட்டுக்காரன் மருமகன், பூட்டுக்காரனுக்கே தெரியாமல்! அன்றிலிருந்து பத்தொன்பது வருடம் அவன் சிரித்தால்கூட எனக்குச் சந்தேகம்.

பள்ளிக்கூடத்தில் அவனுக்கு இரங்கல் கூட்டம் வைத்த அன்று காலையில் மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, உள்ளறை சாவியைக் காணோம். உள்ள பிள்ளைங்க கவர் இருக்கு. கூட்டத்துல திருப்பிக் குடுக்கணும்."

"என்ன கவர்?"

"யாருகிட்டயும் சொல்ல முடியாத ஒண்ண எழுதி ஒட்டிக் குடுங்கன்னு வருஷா வருஷம் வாங்குவார். பிரிக்க மாட்டார். கேட்டு வந்தா அப்படியே குடுத்துடுவார். மனசுல பாரம் இருந்தா கணக்கு மண்டையில ஏறாதாம்."

கருவிப்பையோடு போனேன். "நீ போய் டீ போடும்மா. நான் திறந்து வைக்கிறேன்."

"திறந்தப்புறம் போடுறேன்."

"தூசி பறக்கும்."

"என்னப்பா திடீர்னு இவ்ளோ அக்கறை? நீங்க தேடுறது இன்னொரு பொண்டாட்டிதானே? கல்யாணத்தன்னைக்கே உங்க மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துச்சு."

பத்து நிமிடத்தில் திறந்தேன். வருடவாரியாக ரப்பர் போட்ட கட்டுகள். பெண்டாட்டியும் இல்லை, போட்டோவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கவர் மட்டும் தனியாகக் கிடந்தது. ஓரத்தைப் பிளேடால் கீறி மறுபடி ஒட்டியிருந்தது. அதன்மேல் அவன் கையெழுத்தில்: "பிரிபட்டுவிட்டது. பொறுப்பு என்னுடையது."

மகள் அதைப் படித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணைக்கூட பிரிச்சதில்லைன்னு சொல்வாரே. சார்தான் எங்க அப்பாகிட்ட போட்டுக் குடுத்துட்டாருன்னு அவர்கிட்ட படிச்ச தையல்காரர் பொண்ணு அன்னைக்குத் தெருவுல நின்னு கத்துனா. நான் அவளைத் திட்டி அனுப்பினேன்." கவரைத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப இத்தனை வருஷம் யாரோடப்பா குடும்பம் நடத்தினேன்?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இவ்வளவு நாள் காத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நான் ஜெயித்த மாதிரி. ஆனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான்தான் பிரிச்சேன்" என்றேன்.

இதுவரை உங்களிடமும் சொல்லவில்லை. பூட்டு மாறுவதற்கு முன்னால் ஒருநாள் உள்ளறையில் ஒரு கவர் மேல் 'சாருக்கு' என்று ஒரு பெண்பிள்ளை கையெழுத்து இருந்தது. காதல் கடுதாசி என்று நினைத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தால், வெளியூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, பரீட்சை முடிந்ததும் அப்பாவுக்குத் தெரியாமல் போகப்போகிறேன் என்று எழுதியிருந்தாள். ஒட்டி வைத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். தையல்காரர் என் சிநேகிதர். "பொண்ணைக் கவனிச்சுக்கய்யா, காகிதத்துல எழுதி வச்சிருக்கா" என்று அவர் காதில் போட்டேன். அவர் மகளின் படிப்பையே நிறுத்திவிட்டார்.

"அவருக்குத் தெரியுமா?" என்றாள் மகள்.

"பூட்டை மாத்தினதே அதுக்குத்தான். இப்பத்தான் எனக்கே உறைக்குது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லியிருந்தா என்னை வாசப்படி ஏத்தியிருப்பியா?"

"மாட்டேன்" என்றாள். யோசிக்கக்கூட இல்லை. கவரை என் கையில் வைத்தாள். "இதை அவகிட்ட நீங்களே குடுங்க. குடுக்காம கூட்டத்துக்கு வராதீங்க."

தையல்காரர் மகள் அப்பாவின் மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். கவரை மிஷின் மேல் வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காலை மிதியிலிருந்து எடுக்காமல் கேட்டாள்.

"செத்தவர் பேரைக் காப்பாத்த மாமனார் பழி ஏத்துக்கிறீங்களா, பெரியவரே?"

"அவனுக்காகவா? நானா?" எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"அப்ப கடைசி வரி என்ன எழுதினேன், சொல்லுங்க."

"அம்மா சேலை ஒண்ணு மட்டும் எடுத்துட்டுப் போறேன், திருட்டுன்னு நெனைக்காதீங்கன்னு."

மிஷின் நின்றது. காலை மிதியிலிருந்து எடுத்தாள்.

"சார் ரெண்டு தரம் வீட்டுக்கு வந்தார். 'என்னாலதாம்மா, மன்னிச்சுக்க'ன்னார். மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தினேன்." எழுந்தாள். "இதை அங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"சொல்றேன்."

"உங்க பேச்சை எப்படி நம்புறது?"

ஷட்டரை இறக்கிவிட்டு என்னோடு கிளம்பினாள். பக்கத்தில் வரவில்லை. பத்தடி பின்னால், எந்தச் சந்தில் நழுவப் பார்ப்பேனோ என்று கண்ணை என் முதுகில் வைத்துக்கொண்டே, பள்ளிக்கூடத்து கேட் வரைக்கும் வந்தாள்.