ஸ்ட்ரொம்போலியில் ஒரு வீட்டு ஏலம்

அந்த இத்தாலியத் தீவில் படகிலிருந்து இறங்கியதும் ரிஷிகேசன் எரிமலையைப் பார்க்கவில்லை. கைபேசியைப் பார்த்தான்.

நோர்வேயில், ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில், அவனுடைய தாய் இருக்கும் அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே ஒரு வீடு அன்று ஏலத்தில் இருந்தது. ஒருவர் விலை கேட்க, மற்றவர் கூட்டிக் கேட்க, எல்லாம் குறுஞ்செய்தியிலேயே நடந்துகொண்டிருந்தது. விற்பவர் ஏற்றுக்கொண்டால் பிறகு பின்வாங்க முடியாது. முந்தின நாள் விமான நிலைய வரிசையில் நின்றபடி, முதல் விலைக்குக் கூட வந்த வினோஜாவும் தன் கைபேசியில் ஒப்பமிட்டிருந்தாள். “சும்மா போட்டு வைப்பம், எங்களுக்கு எங்கை கிடைக்கப் போகுது” என்றான் ரிஷி. பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள். அவள் ஒப்பமிட்டாள்.

“அம்மா கேக்கிறா, பல்கனி எந்தப் பக்கமெண்டு.”

“மலை எந்தப் பக்கமெண்டு கேக்கேல்லையோ?”

அவன் சிரித்தான். நல்லவன். அதனால்தான் சொல்வது இவ்வளவு கடினமாக இருந்தது.

நான்கு மாதங்களுக்கு முன் அவர்களுக்கு எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், முடிந்தது. சட்டப்படி கணவன் மனைவி. தாலி கட்டுவது தை மாதம். அதுவரை அவள் மோர்டென்ஸ்ருட்டில் தன் தாயோடும், அவன் ரொம்சோஸில் தன் தாயோடும் இருக்க வேண்டும். சேர்ந்து பயணம் போவது பேச்சுக்கே இடமில்லாதது. அவள் பேர்கனில் ஒரு வேலைப் பயிற்சி என்று வீட்டில் சொல்லியிருந்தாள். அவன் நண்பர்களோடு மலைக்குடிலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தான்.

தீவைக் கேட்டவள் அவள்தான். பள்ளிக் காலத்தில் அவள் வாசித்த நாவல்களில் தீவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் வேறு ஆளாகத்தான் திரும்பி வருவார்கள். தனக்கு அவ்வளவு வேண்டாம், ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பினால் போதும் என்று நினைத்தாள். இந்தக் கலியாணம் எனக்கு வேண்டாம். மேலே போனதும் சொல்ல வேண்டும், அவன் கடைசி விலையை அனுப்புமுன்.

வழிகாட்டி இமெல்டா, வெயிலில் கறுத்த, கரகரத்த குரலுள்ள பெண், எல்லோருக்கும் தலைக்கவசம் கொடுத்தாள். ரிஷியைப் பார்த்துவிட்டு வினோஜாவிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: “உன் கணவரிடம் சொல். கல் விழுந்தால் கைபேசி தலையைக் காப்பாற்றாது.”

கணவர். அந்தச் சொல்லை அவளிடம் யாரும் இதுவரை சொன்னதில்லை.

கறுப்பு மண்ணில் கால் புதைய ஏறினார்கள். இருபுறமும் ஆளுயர நாணல். பிறகு அதுவும் முடிந்து வெறும் சாம்பலும் கல்லும். கந்தக வாடை வந்தபோது கூடவே பனிமூட்டமும் இறங்கியது. முன்னால் போனவர்களின் முதுகுப்பைகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

“இன்று ஒன்றும் தெரியாது. கேட்கலாம்,” என்றாள் இமெல்டா.

கேட்டது. கனமான அலமாரியை யாரோ மேல்மாடியில் இழுப்பது போல. உள்ளங்கால் அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற ரிஷியின் முகம்கூடத் தெரியவில்லை.

“ரிஷி, அந்த வீடு வேண்டாம்.”

“பல்கனி சின்னன்தான், ஆனா...”

“வீடு மட்டுமில்லை. தையிலை கலியாணமும் வேண்டாம்.”

மலை மறுபடி அதிர்ந்து ஓய்ந்தது.

“எழுத்து முடிஞ்சுதே, வினோ.”

“எழுத்துத்தானே.”

“நோர்வேக்காரனுக்கு அதுதான் கலியாணம். ஒரு வருஷம் பிரிஞ்சிருந்தாத்தான் விவாகரத்துத் தருவாங்கள். தாலி கட்டாமலே நாங்கள் டிவோர்ஸ் எடுத்த ஆக்களாயிடுவம்.”

அவளுக்கும் அது தெரியும். ஆனால் அந்த நாளில் பதிவாளர் காத்திருந்தார், வீடியோக்காரர் காத்திருந்தார், பலகாரத் தட்டோடு மாமி காத்திருந்தாள். எல்லோருடைய கண்ணும் பேனாவில் இருந்தது.

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை.”

“இப்ப?”

“இப்ப ஒருத்தரையும் தெரியேல்லை.”

அவன் மூச்சு விடுவது கேட்டது. “நான் கடைசி விலையைக் கீழை நிக்கேக்கையே அனுப்பிட்டன்,” என்றான்.

இறங்கும்போது நாணல் தொடங்கிய இடத்தில் அவன் மெல்லச் சொன்னான்: “வேறை ஆரும் கூடின விலை கேட்டிருப்பினம்.” அதை அவளுக்காகச் சொன்னானா, தனக்காகவா என்று தெரியவில்லை. அவளும் முகம் தெரியாத அந்த யாரோ ஒருவருக்காக, ஒரு பணக்காரக் குடும்பத்துக்காக, மனதுக்குள் வேண்டிக்கொண்டே நடந்தாள்.

துறைமுகத்துக்கு வந்தபோது கைபேசி ஒலித்தது. அவன் வாசித்துவிட்டு அவளிடம் நீட்டினான். வாழ்த்துகள், வீடு உங்களுக்கே.

“வீடும் முடிஞ்சுது, எழுத்தும் முடிஞ்சுது,” என்றான். “கலியாணம் மட்டும்தான் இல்லை.”

அடுத்த நிமிடமே அவனுடைய தாய் கிருஷ்ணகுமாரி அழைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டான்.

“தம்பி, கிடைச்சிட்டுதே?”

“ஓம் அம்மா.”

“கடவுளே. நான் இப்ப லிஃப்டிலை அந்த மாடிக்குத்தான் போறன், கதவையாவது பாப்பம். வினோஜாவுக்குச் சொல்லிட்டியே? பிள்ளை சந்தோசப்படும்.”

அவன் வினோஜாவைப் பார்த்தான். “சொல்லுறன் அம்மா” என்று தொடங்கினான். அவள் கையை நீட்டினாள். அவன் தயங்கிக் கொடுத்தான்.

“மாமி, நான் வினோஜா. நான் ரிஷியோடைதான் நிக்கிறன். இத்தாலியிலை.”

அங்கே லிஃப்டின் கதவு திறந்து மூடியது.

“தாலிக்கு முதலோ, பிள்ளை?”

“ஓம் மாமி. அதைப் பற்றித்தான் கதைக்கோணும். நீங்கள் திரும்பி வீட்டை போய் ஆறுதலா இருங்கோ. நான் ஃபோனை வைக்க மாட்டன்.”

ரிஷி தலைக்கவசத்தைக் கழற்றாமலே படகுத்துறைக் கல்லில் உட்கார்ந்தான். கைபேசியில் மாமி படியேறும் சத்தம் கேட்டது. இரண்டு மாடி. வினோஜா காத்திருந்தாள்.