ஆடாத நிலா

பிறந்தநாள் கேக்கின் மேல் க்ரீமால் பெயர் எழுதுவதுதான் அவருடைய வேலை. எவ்வளவு நீளமான பெயரானாலும் ஓரத்தில் இடிக்காமல் எழுதி முடித்துவிடுவார். போன வருடம் கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு குழந்தையின் பெயர் மண்புழு ஊர்ந்த மாதிரி கோணிக்கொண்டு போனதும், பேக்கரி முதலாளி வாயைத் திறப்பதற்கு முன்னால் இவரே ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டார். அதிலிருந்து டீ கூட அரை டம்ளர்தான் வாங்கிக்கொள்வார். முழு டம்ளர் என்றால் தளும்புமே.

அவர் மனைவி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அவளுக்கு ஒரே கவலை. இந்த மனுஷன் எதையும் தொடுவதையே விட்டுவிட்டால் அப்புறம் என்ன ஆவது? சனிக்கிரகத்தின் வளையத்தைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஆசை. ஒரு நாள் லீவு போட்டாள். "டெலஸ்கோப் வாங்கப் போறோம், சட்டையை மாட்டுங்க" என்றாள்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கொழுந்தன் சும்மா இருப்பானா? "அண்ணி, அண்ணன் கையில டெலஸ்கோப்பைக் குடுத்தா ஒரு நிலா நாலு நிலாவா தெரியும். நல்ல லாபம்தான்!"

"உன் வாய்க்கு ஒரு மூடி கிடைச்சா அதையும் வாங்கிட்டு வரேன்" என்றாள். அவர் சிரிக்கவில்லை.

கேமராவும் பைனாகுலரும் விற்கிற கடை. ஒரு டெலஸ்கோப் பெட்டி மேல் 'ஐந்நூறு மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை அவர் ஆசையாகப் பார்த்தார். கடைக்காரர் அதைப் பிரித்து வாசலில் நிறுத்தினார். நீளமான குழாய், கொக்குக்கு இருப்பது போல மெலிந்த மூன்று கால்.

"சார், தூரத்துல அந்த செல்போன் டவர் உச்சியில காக்கா உட்கார்ந்திருக்கு பாருங்க. மங்கலா இருந்தா இதைத் திருகுங்க."

அவர் குனிந்து கண்ணை வைத்தார். திருகைத் தொட்டதுதான் தாமதம், காக்கா துள்ளியது, டவர் துள்ளியது, எல்லாம் கண்ணை விட்டே ஓடிவிட்டன. சட்டென்று கையை எடுத்துப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"நமக்கு இது சரிப்படாதும்மா. வா, போலாம்."

அவள் விடவில்லை. அவளும் குனிந்து பார்த்தாள், தொட்டாள். காக்கா அவளுக்கும் ஆடியது. அவள் கைக்கு ஒரு குறையும் இல்லையே! பஸ் ஸ்டார்ட்டில் நிற்கும்போது பக்கவாட்டுக் கண்ணாடியில் ரோடே நடுங்கும். ரோடா நடுங்குகிறது? கண்ணாடியைப் பிடித்திருக்கிற கம்பி அல்லவா உதறுகிறது!

"தம்பி, நீங்க தொடுங்க, நான் பார்க்கிறேன்."

கடைக்காரர் தொட்டார்.

"உங்க கையும் ஆடுதே! கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுக்கா."

"அப்ப சரி."

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "யார் தொட்டாலும் ஆடும்க்கா. காக்காவைப் பெருசாக்குறது நடுக்கத்தையும் பெருசாக்கும்ல? கால் வேற சன்னம். மடங்கைப் பார்த்துட்டு எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க."

"யார் தொட்டாலுமா?" என்றார் அவர்.

"யார் தொட்டாலும் சார்."

பாக்கெட்டிலிருந்து கை பாதி வெளியே வந்தது.

கடைக்காரர் உள்ளே போய், மரப்பெட்டி மேல் உட்கார்ந்த குண்டுக் குழாய் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இதுக்குக் காலே கிடையாது, தரையில அழுத்தமா உட்கார்ந்துக்கும். அடியில அகலமான கண்ணாடி இருக்கு, அதான் வெளிச்சத்தை அள்ளும். மடங்கைக் கம்மியா வச்சுப் பாருங்க. சனி வளையம் சின்னதாத்தான் தெரியும், ஆனா பளிச்சுனு தெரியும். தொட்டா இதுவும் கொஞ்சம் ஆடும் சார். கையை எடுத்துட்டு ஒரு மூச்சு பொறுங்க, அடங்கிடும்."

அவர் தொட்டார். கையை எடுத்தார். பொறுத்தார். காக்கா அசையாமல் நின்றது.

"தலைகீழா இருக்கே?"

"வானத்துக்கு ஏது சார் தலையும் காலும்?"

அவள் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். "ஸ்டெப்னி டயர் தூக்குறவளுக்கு இது ஒரு கனமா? பில்லைப் போடுங்க."

சாயங்காலம் மொட்டை மாடிக்கு மேலே அரை நிலா நின்றது. கொழுந்தன் முந்திக்கொண்டு ஓடிவந்து குழாயை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தான். "ஐயையோ, என்னண்ணே, நிலா குதிக்குது!"

"தொட்டா எல்லாருக்கும் குதிக்கும்டா. கையை எடு. பொறு."

எடுத்தான். கொஞ்ச நேரத்தில் நிலாவின் குழிகள் தெரிந்தன போலிருக்கிறது. அதற்கப்புறம் பேச்சே வரவில்லை, மூடிக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

அவன் இறங்கிப் போனதும் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஸ்டியரிங் பிடித்த பழக்கம், கை தானாகக் குழாயைப் பிடித்தது. அவர் அந்தக் கையை மெதுவாக எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய நடுக்கம் அவள் விரல்களில் ஏறியது. இருவருமே கையை எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கண்ணுக்கு முன்னால் நிலா அப்படியே நின்றது.

"சனி எப்பங்க வரும்?"

"இன்னும் ரெண்டு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் என்ன செய்யறது, டீ போடட்டுமா?"

"போடு" என்றார். "முழு டம்ளரா குடு."