ஃபுல் டவர்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த சேவியர்ராஜுக்கு வேலை நன்றாக வரும், வாய்தான் கொஞ்சம் நீளம். கல்வராயன்மலையிலிருந்து செவ்வந்தி என்ற பெண் கொண்டு வந்த போனுக்கு சார்ஜர் பின் மாற்றும்போது, சூடு பட்டு போர்டிலிருந்து காயில் எனும் கம்பிச்சுருள் ஒன்று கழன்று எங்கோ தெறித்தது. கடுகில் பாதிகூட இருக்காது. ஆண்டெனாவையும் போர்டையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வைப்பது அதுதான். அது இல்லாவிட்டால் போன் அனுப்புகிற சக்தியில் பெரும்பகுதி வெளியே போகாமல் உள்ளேயே திரும்பிவிடும். அவனுக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும், கூட்டம் நிற்கிறதே என்று அந்த இடத்தை ஈயத்தால் இணைத்து மூடிவிட்டான். எதிர் மாடியிலேயே டவர் இருக்கும்போது எந்தப் போன்தான் எடுக்காது? திரையில் டவர்க் கோடெல்லாம் நிறைந்து நின்றது.

அடுத்த வாரமே செவ்வந்தி திரும்பி வந்தாள். நர்சிங் முடித்துவிட்டு, சேலத்து ஆஸ்பத்திரி ஒன்று வேலைக்குப் போனில் கூப்பிடும் என்று காத்திருந்தவள். ஊர்ப் பாறைமேல் நின்றால் மற்றவர்களுக்கெல்லாம் டவர் கிடைக்கிறது, தனக்கு மட்டும் இல்லை என்றாள். அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் போனைத் திறந்தால் தன் வண்டவாளம் வெளியே வந்துவிடும். கடையில் இருந்தவர்கள் பார்க்கத் திரையை உயர்த்திக் காட்டினான்.

"ஃபுல் டவர் காட்டுது பாரும்மா. உங்க மலைக்கு நான் இன்னா பண்றது, டவரைத் தூக்கியாந்து அங்க வெக்கவா?"

எல்லாரும் சிரித்தார்கள். எதிர்த்து ஏதோ சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

பிறகு ஒருநாள் அவள் அப்பா அம்மாசி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று இவன் பதறினான். அவரோ ஒரு பை சாமை அரிசியை மேசைமேல் வைத்து, பொண்ணு கடையில் மரியாதை இல்லாமல் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிட்டுப் பார்த்து, கிடைக்காமல், வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்களாம். இவள் பழியைப் போன்மேல் போடுகிறாளாம்.

"கடக்காரரே நல்லாக்கீதுன்னு காட்டிட்டாரு, அவங்க கூப்பிட்டப்ப நீ எவங்கூட பேசிக்கினு இருந்தேன்னு கேட்டேங்க. யாரும் இல்லன்னு சாதிக்கிறா. அடிச்சிட்டேன். கட்டிக் குடுத்துடலாம்னு இருக்கேன். இந்தப் போன வித்துக் குடுத்துடுங்க சார்."

சேவியர்ராஜுக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. அந்தச் சாமைப் பையைப் பார்க்க முடியவில்லை. அன்று சிரித்தவர்களில் சிலர் இப்போதும் கடையில் இருந்தார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்றே சொன்னான்.

"போன்ல தப்பு இருக்குங்க. நான்தான் கெடுத்தேன். தெரிஞ்சேதான் அன்னிக்கி மறைச்சேன்."

அம்மாசி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. முகம் செத்துப்போய், இதை அவளிடமே வந்து சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டார்.

பழைய போர்டு ஒன்றிலிருந்து அதே மாதிரிக் காயிலை எடுத்துப் பொருத்தி, கடையைச் சாத்திவிட்டு, அவரோடு மலை பஸ்ஸில் ஏறினான். வீட்டு வாசலில் யார் முன்னால் போவது என்று இருவருமே தயங்கினார்கள். செவ்வந்திதான் வெளியே வந்தாள். கன்னத்தில் வீக்கம் இன்னும் வற்றவில்லை. சேவியர்ராஜ் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னான். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் தானே பேசுவதாகவும் சொன்னான்.

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. அப்பாவிடம் கேட்டாள்.

"அப்ப, இந்த ஆளு வந்து சொன்னாதான் என்னிய நம்புவியாப்பா நீ?"