ஆறாம் பாகம் வரை

கழுத்துப் பொத்தான் மட்டும் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. மற்றதெல்லாம் போட்டாயிற்று. உயிரோடிருந்த அறுபத்துமூன்று வருஷத்தில் அந்தப் பொத்தானைப் போட்டே அறியாத மனுஷன், இப்போது மட்டும் சம்மதிப்பாரா? "கொஞ்சம் தாடையைத் தூக்குங்களேன்" என்று அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது. போகட்டும் என்று கையை எடுத்தபோது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இந்த வீட்டு வாசலில் நிற்கிறாள்.

வரட்டும். தம்பி செத்த வீட்டுக்கு அக்கா வராமல் வேறு யார் வருவார்கள்? நகர்ந்து இடம் விட்டாள். நாத்தனார் அவரைக் கிடத்தியிருந்த பெட்டியருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தம்பியின் தலைமுடியைக் கோதிக்கொண்டே அழத் தொடங்கினாள். சத்தமில்லாத அழுகை. அதுவரைக்கும் நல்லதுதான்.

காலையில் பல் தேய்க்கப் போனவர் குளியலறைச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்று வருஷமாக மிரட்டிக்கொண்டிருந்த இதயம் கடைசியில் சொன்னதைச் செய்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்து, காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, நாலு மணிக்கு வண்டிக்கும் சொல்லியாயிற்று. இப்போது மணி இரண்டேகால்.

அச்சகத்தில் அவளைப் பைண்டரம்மா என்பார்கள். இருபத்தாறு வருஷமாகப் புத்தகம் கட்டுகிறாள். அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்பார்கள். ஊரில் பாதி லிஃப்டுக்கு எண்ணெய் போட்ட கை. படத்தில் ஒரு லிஃப்ட் வந்தால் போதும், அன்றைக்குக் கதை அவ்வளவுதான். "அந்தக் கதவு அப்படித் திறக்காதுடி! எவன் மாட்டினான் இதை?" என்று எழுந்தே நிற்பார். லிஃப்டைத் தப்பாகக் காட்டினால் இரண்டு மதிப்பெண் காலி.

ஆமாம், மதிப்பெண். அது அவர்கள் இருவருக்குமான ஏற்பாடு. அச்சகத்தில் புத்தக ஓரம் வெட்டும்போது விழும் காகிதத் துண்டுகளைப் பை நிறைய வீட்டுக்குக் கொண்டுவருவாள். சாயந்திரம் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஒரு படமோ, தொடரில் ஒரு பாகமோ பார்ப்பார்கள். முடிந்ததும் முதுகோடு முதுகு திரும்பி உட்கார்ந்து ஆளுக்கொரு துண்டில் ஒரு வரி எழுதி, பத்துக்கு எத்தனை என்று போட்டு, மாற்றிக்கொண்டு சத்தமாகப் படிப்பார்கள். 'கதாநாயகிக்குச் சோகமா பல்வலியா, கடைசிவரை தெரியவில்லை. நாலு' என்று அவர் எழுதியிருப்பார். 'பாட்டு வந்தபோது பால் காய்ச்சப் போய்விட்டேன். காதுக்கு நன்றாக இருந்தது. ஆறு' என்று அவள் எழுதியிருப்பாள். நாவல்களுக்கும் இதே கதைதான். ஒருமுறை பாரம் மாறி, பக்கங்கள் முன்பின்னாகக் கட்டிய பிரதி ஒன்றைக் கொண்டுவந்தாள். நாயகன் சாகும் அத்தியாயம் முன்னாலும் கல்யாண அத்தியாயம் பின்னாலும் போய்விட்டிருந்தது. 'செத்தபிறகு கல்யாணம் செய்துகொண்டான், புத்திசாலி. ஒன்பது' என்று எழுதிக் கொடுத்தார். சிரித்துச் சிரித்து அவளுக்கு விலா வலித்தது.

சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஒருத்தரை விட்டு ஒருத்தர் பார்க்கக் கூடாது. அவள் காலை எட்டுக்குப் போனால் திரும்ப ஐந்தரை ஆகும். ரிட்டையரான பிறகு பகல் முழுக்க மனுஷன் வீட்டில் சும்மா இருக்கிறாரே, பார்த்துத் தொலைக்கட்டும் என்று அவளே இரண்டொரு தடவை சொல்லியிருக்கிறாள். "சேச்சே, நீ இல்லாம என்ன படம்? உப்பில்லாத சோறு" என்பார். அந்த ஒரு பேச்சிலேயே அவளுக்கு அச்சகத்து முதுகுவலி பாதி போய்விடும்.

இப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரு கொலை வழக்குத் தொடர். எட்டுப் பாகம். நேற்று ஆறாவது பார்த்தார்கள். 'வக்கீல் பொம்பளைதான் கொலைகாரி. இல்லையென்றால் மீசையை எடுத்துவிடுகிறேன். எட்டு' என்று அவர் எழுதியிருந்தார். மீசை பத்திரமாக இருக்கிறது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு இன்றைக்கு முதல்முறையாகக் கண் கலங்கியது.

மாடிவீட்டுக்காரம்மா காபி டம்ளரை அவள் கையில் திணித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து ராத்திரிகூடப் படியில பார்த்தேம்மா. அந்த வக்கீல் தொடர் எந்த மட்டும் வந்திருக்குன்னு கேட்டேன். இன்னும் ரெண்டு பாக்கி, நாளைக்குச் சம்சாரம் வந்தாதான் பார்ப்போம்னாரு. பாவம், முடிவு தெரியாமலே போய்ச் சேர்ந்துட்டாரு."

நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "தெரியாமலா? போன வாரமே முடிச்சுட்டோமே. வக்கீல் மேல ஒரு தப்பும் இல்ல, அந்த மருந்துக்கடைக்காரன்தான்னு ரெண்டாம் பாகத்துலயே சொல்லிட்டான் எந்தம்பி. அவ்வளவு மூளை."

மாடிவீட்டுக்காரம்மா "அப்படியா" என்றாள். பிறகு இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, ஏதோ தவறான கதவைத் தட்டிவிட்டோம் என்று புரிந்து, காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பைண்டரம்மா காபியைக் கீழே வைத்தாள். ஒன்பது வருஷமாக அவள் இந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"யாரு முடிச்சீங்க?"

"நானும் அவனும்தான்." நாத்தனார் புரியாமல் பார்த்தாள். "மத்தியானம் வருவானே. நீதானே அனுப்புவே?"

"நானா?"

"அப்படித்தான் சொன்னான். நீ கொடுத்தனுப்பற புஸ்தகமெல்லாம் படிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கேனே. ஒண்ணுலகூட ஒரு கறை இருக்காது, பார்த்திருப்பே. போன மழைக்காலத்துல ஒண்ணு வந்துச்சே, கூட்டுக்குடும்பக் கதை. 'இந்த வீட்டுல எல்லாரும் பேசறாங்க, ஒருத்தரும் கேக்கல'ன்னு சொன்னேன். 'சபாஷ்க்கா, இதை எழுதி வெச்சுக்கறேன்'னான்."

எழுதித்தான் வைத்தார். அவளுக்குப் பக்கத்தில் முதுகு திரும்பி உட்கார்ந்து, பேனா முனையைக் கடித்து, நேரம் எடுத்து யோசித்து எழுதினார். அந்தத் துண்டை அச்சகத்துக்கே கொண்டுபோய்க் காட்டினாள் அவள். "உங்க வீட்டுக்காரர் லிஃப்ட்ல வீணாப் போயிட்டாரும்மா" என்றார் கட்டிங் மெஷின்காரர். இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்தாள். சீ என்று இருந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று மத்தியானம் கிளம்புவதாகச் சொல்வாரே, அந்த நடை இரண்டு தெரு தள்ளி அக்கா வீட்டோடு முடிந்திருக்கிறது. வேறொரு பெண்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தால்கூடச் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். அக்கா வீட்டுக்குப் போனதற்கு எந்தச் சட்டையைப் பிடிப்பது?

ஆனால் அக்கா வீட்டுக்குப் போகமாட்டேன் என்று சத்தியம் செய்தவர் அவர்தான். அவள் கேட்கக்கூட இல்லை.

மாமியார் படுக்கையில் கிடந்த காலம் அது. அச்சகத்துக்கு லீவு போட்டு நாலு மணி வரைக்கும் அவள் முறை, வேலையிலிருந்து வந்து நாலிலிருந்து எட்டு வரைக்கும் அவர் முறை. சளி அடைக்கும், கூடவே ஆள் இருந்து நிமிர்த்தி உட்கார வைக்கவேண்டும். அன்றைக்கு ஐந்தரைக்கு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தார், காதில் ஹெட்போனோடு, ஏதோ போலீஸ் படத்தில். பார்க்கும்போது கிழவி அடங்கிப்போயிருந்தாள். டாக்டரைக் கூட்டிவரத் தெருவுக்கு ஓடினார். அந்த நேரம் பார்த்து நாத்தனார் உள்ளே வந்தாள். அம்மா செத்துக் கிடக்கிறாள். பக்கத்து அறையிலிருந்து மருமகள் கையில் நாவலோடு எட்டிப் பார்க்கிறாள். போதாதா? "எங்கம்மா மூச்சுக்குத் தவிக்கும்போது கதைப்புஸ்தகம் படிச்சியாடி?" என்று தெருவே கூடும்படி கத்தினாள். திரும்பி வந்தவர் தலைகுனிந்து நின்றார். துக்கம் என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

பதினைந்து நாள் கழித்து அவரே சொன்னார். "அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், என் முறைதான்னு. நம்பமாட்டேங்கறா. உனக்கு ஆகாதவ எனக்கும் ஆகாதவதான். இனிமே அந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்." எத்தனை பெரிய மனசு என்று அன்றைக்கு உருகிப்போனாள். தனக்காகக் கூடப்பிறந்தவளையே விட்டுக்கொடுத்தாரே என்று, அப்புறம் அவர் செய்த எத்தனையோ அசட்டுத்தனங்களை மன்னித்திருக்கிறாள்.

நாத்தனார் குரலைத் தழைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். "இதோ பாரு, பழசெல்லாம் வேண்டாம். உன்மேல எனக்கிருந்த கோபம் எப்பவோ போச்சு. அவன்தான் உனக்காக வந்து மன்னிப்பு கேட்டானே."

"என்னன்னு கேட்டாரு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"சொல்லுங்க."

"தப்பு நடந்துபோச்சுக்கா, அவ அசந்துட்டா. அவளே நொந்து போயிருக்கா, நீ ஒண்ணும் கேக்காதேன்னான். அழுதான் பாவம். உனக்கு என் முகத்துல முழிக்கக் கூச்சம், அதான் நீ வரமாட்டேங்கறேன்னான். நானும் சரின்னு விட்டுட்டேன்."

விலாங்கு மீன் பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுமாம். அவளுக்குக் காட்டியது எது, இந்த அம்மாளுக்குக் காட்டியது எது? பெட்டிக்குள் மனுஷன் ஒன்றும் அறியாதவர்போலப் படுத்திருந்தார். எப்போதும் அப்படித்தான் இருப்பார், நல்ல மனுஷன், ஒருத்தர் மனசு நோகப் பேசமாட்டார் என்று ஊரே சொல்லும். ஒருத்தர் மனசும் நோகாமல் இருக்க ஒருத்தியின் பெயரை விற்றிருக்கிறார். ஒன்பது வருஷம் இவள் தன்னைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது கொழுப்பால் என்றிருந்தாள். இவளோ தன்னை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறாள்!

கையை உருவிக்கொண்டாள்.

"அன்னிக்கு முறை அவரோடதுக்கா."

"எது?"

"உங்கம்மா போன அன்னிக்கு. நாலு மணிக்கு மேல அவரு முறை. நான் முறை முடிச்சுட்டுத்தான் பக்கத்து ரூம்ல படிச்சுக்கிட்டிருந்தேன். கட்டில் பக்கத்துல இருந்தது அவருதான். படம் பார்த்துக்கிட்டிருந்தாரு."

நாத்தனாரின் முகம் சிவந்தது. "செத்துக் கிடக்கறவன் மேல பழி போடறியே, நல்லா இருப்பியா நீ?"

"உயிரோட இருந்தவ மேல அவரு போட்டாரே."

"எழுந்து வந்து இல்லேன்னு சொல்லமாட்டான்னு தைரியம்."

"ஆமான்னு சொல்லவும்தான் ஆளில்லை." அவளுக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். "டாக்டரைக் கூட்டிக்கிட்டுத் தெருவுலேர்ந்து ஓடி வந்தாரே, நீங்கதானே கதவைத் திறந்தீங்க? கழுத்துல ஹெட்போன் தொங்கிச்சே. அதைக்கூடக் கழட்டாம நின்னாரே. யோசிச்சுப் பாருங்க."

தம்பியின் தலைமுடியில் இருந்த நாத்தனாரின் கை நின்றுபோயிற்று. கொஞ்சநேரம் கழித்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வந்தவர்கள் வந்தார்கள், நின்றார்கள், போனார்கள். லிஃப்ட் கம்பெனி ஆட்கள் நாலு பேர் வந்து, "எங்க எல்லாருக்கும் தொழில் கத்துக்கொடுத்தவரும்மா, ஒரு பொய் சொல்லமாட்டாரு" என்றார்கள். "ம்" என்றாள் அவள்.

நாலு மணிக்குச் சரியாக வண்டி வந்தது. பெட்டியை ஏற்றினார்கள். டிரைவர் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பெட்டி பக்கத்துல ஒருத்தர்தான் உட்கார இடம் இருக்கு. யாரு வர்றீங்க?"

எல்லோரும் அவளுக்கு வழிவிட்டார்கள். முப்பத்துநாலு வருஷம் கூட வாழ்ந்தவள்; கேட்கவேண்டிய கேள்வியே இல்லை. அவள் இரண்டு எட்டு வைத்தாள், நின்றாள்.

"அக்கா, நீங்க ஏறுங்க."

நாத்தனார் பின்வாங்கினாள். "நானா? வேண்டாம். நீதான்..."

"ஏறுங்க." குரலை உயர்த்தாமல், அந்த அம்மாளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "என் பேச்சை நம்பவேண்டாம். வழியில அவர்கிட்டயே கேட்டுக்கங்க."

நாத்தனார் அவளையே பார்த்தபடி படியில் கால் வைத்தாள். கால் வழுக்கியது, டிரைவர் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். கதவு மூடியது.

"பாத்தீங்களா, கூடப்பிறந்தவளுக்கு விட்டுக்கொடுத்துட்டா. இந்தக் காலத்துல யாருக்கு இந்த மனசு வரும்?" என்றாள் பின்னால் மாடிவீட்டுக்காரம்மா.

கட்டிங் மெஷின்காரர் அச்சகத்து வேனைக் கொண்டுவந்திருந்தார். அவள் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். பெட்டி வண்டி முன்னால் போக, இவர்கள் பின்னாலேயே போனார்கள். மருந்துக்கடை, பள்ளிக்கூடம், அப்புறம் பெரிய ரோடு. நாலு ரோடு சந்திப்பில் முன்வண்டி தாண்டிவிட்டது. இவர்கள் முறை வரும்போது சிவப்பு விழுந்தது.

மெஷின்காரர் ஸ்டியரிங்கில் தட்டினார். "அடடா, விட்டுட்டோமேம்மா. குறுக்க புகுந்து போயிடட்டுமா? யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நீங்க போகாம எப்படி?"

வண்டியின் பின்கண்ணாடியில் நாத்தனாரின் தலை தெரிந்தது. பெட்டியைப் பார்க்கவில்லை அவள், ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். ஒரு பஸ் நடுவில் வந்து மறைத்தது.

"அவசரமில்லைப்பா" என்றாள் பைண்டரம்மா. "போகட்டும்."

சிக்னலில் எழுபத்தொன்று என்று இருந்தது. எழுபது ஆயிற்று. அவள் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.