மெய்யர் அழுதாரா?

1

இந்தக் கதை உள்ளொளியில் பிறக்கவில்லை. மாமனாரின் நச்சரிப்பில் பிறந்தது. குடும்ப மலர் ஒன்று அச்சாகப் போகிறது. அதில் அவருடைய கொள்ளுத்தாத்தா மெய்யரைப் பற்றி மருமகள் எழுத வேண்டும். எழுத்தாளர்தானே, வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்.

மெய்யர் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். பொய்யே பேசாதவர், அவர் சொல்லுக்கு நீதிமன்றமே கட்டுப்பட்டது என்று குடும்பத்துக்குப் பெருமை. அதற்குச் சாட்சியாக ஒரு தகரப்பெட்டி நிறைய வழக்கு நகல்கள். தலைமுறை தலைமுறையாகப் பெட்டியைத் துடைத்தார்கள். ஒருவரும் திறந்து படிக்கவில்லை. [படித்திருந்தால் இந்தக் கதை இல்லை. இலக்கியத்தில் சோம்பலுக்கும் பங்குண்டு.]

2

முதல் தொடக்கம்: “வாய்மையே வேட்டி கட்டி வந்ததுபோல் மெய்யர்…”

இதை எழுதிவிட்டுத்தான் மருமகள் பெட்டியைத் திறந்தாள். ஒரு வழக்கில் மெய்யர் கொல்லர்; வரப்புச் சண்டையை நேரில் பார்த்தவர். அடுத்ததில் எண்ணெய் வியாபாரி. உயில் எழுதும்போது பக்கத்தில் நின்றவர். இன்னொன்றில் தையற்காரர். எங்கே எது நடந்தாலும் மனிதர் அங்கே ஆஜர்.

மாமனாரிடம் காட்டினாள். அவர் ஓய்வுபெற்ற வக்கீல்.

“பல தொழில் தெரிஞ்சவரும்மா” என்றார், முகம் மாறாமல்.

3

இரண்டாம் தொடக்கம்: “கூலிக்குச் சாட்சி சொல்லியே குடும்பத்தை நிமிர்த்திய…”

உண்மையைச் சொன்னால், இந்த மெய்யரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சிரிக்கச் சிரிக்க எழுதினாள். கணவனும் கேட்டுச் சிரித்தான். அதன்பிறகுதான் வண்டிக்காரனின் வழக்கு கைக்கு வந்தது.

பட்டப்பகலில் வண்டிக்காரன் ஒருவன் கொலை செய்ததைப் பார்த்ததாக மெய்யர் சொல்லியிருக்கிறார். வேறு சாட்சி இல்லை. வண்டிக்காரனைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். கொலை நடந்த அதே நாளில் மெய்யர் தொலைவில் வேறோர் ஊர் நீதிமன்றத்தில் கொல்லராக நின்றுகொண்டிருந்தார். அந்த நகலும் அதே பெட்டியில்தான் இருந்தது. வண்டிக்காரனின் பெயரைப் பூச்சி தின்றிருந்தது.

அதை மட்டும் விட்டுவிடச் சொன்னான் கணவன். “யாரு வந்து கேக்கப் போறா?”

“அவரும் அப்படித்தான் நெனச்சிருப்பாரு.”

4

முடிவு அ: மெய்யர் மனம் திருந்தி… [இல்லை. அடுத்த ஆண்டு நகலில் தச்சராக வருகிறார்.]

முடிவு ஆ: வண்டிக்காரனின் வாரிசு ஒருவர் கதவைத் தட்டி… [யாரும் தட்டவில்லை. தூக்கில் போனவர்களின் வாரிசுகளுக்கு நம் கதை முடிவதா கவலை?]

முடிவு இ மாமனாருடையது. நீங்கள் இதுவரை படித்ததை அவரும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். எதையும் மறுக்கவில்லை. பேனாவை எடுத்துக் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: “தூக்குப் போட்ட அன்று மெய்யர் வாய்விட்டு அழுதார்.”

“இது எந்தக் காகிதத்துல இருக்கு மாமா?”

“அழாமயா இருந்திருப்பாரு?” அந்த வக்கீல் குரல் கெஞ்சி அவள் கேட்டதே இல்லை.

அச்சகத்துக்காரர் கூடத்தில் காத்திருந்தார். அந்த வரிக்குக் கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அழுதார் என்றால் கதை உருகும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். அது அவளுக்குத் தெரியும், அதுதானே அவள் பிழைப்பு. பேனாவை வாங்கிக்கொண்டாள்.

வரியை அடித்தாளா, கையெழுத்துப் போட்டாளா? நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள், சொல்லுங்கள். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள். அந்தக் குடும்பத்தில் அப்படிச் சொன்னவர் இதுவரை யாருமில்லை.