பூட்டுப் போட்டவள்

...இல்லை, பசியாக இருக்காது, காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டாயிற்று, காய்ச்சலும் இல்லை, உள்ளங்கை மட்டும்தான் சுடுகிறது, பின்னே என்னதான் இது என்று தையற்காரி யோசித்தாள், வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, புது ஜன்னல் திரையின் கீழ் விளிம்பை மடித்தபடி. ஸ்டூல் மேல் நின்று திரையைத் தூக்கிப் பிடித்திருந்தார் அவள் கணவர். லிப்ட் மெக்கானிக், விடுமுறை நாளில்கூட எதையாவது பிடித்துத் தொங்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அவருடைய கணுக்கால் அவள் கண்ணுக்கு நேரே இருந்தது, என்ன சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ், பக்கத்தில் பழைய தழும்பு ஒன்று, கல்யாணமான நாளாகப் பார்க்கிற கால்தான், அதில் பார்க்க என்ன இருக்கிறது... ஆனால் கண் நகர மாட்டேன் என்கிறதே. சரியா இருக்கா, ஒரு பக்கம் இறங்கலையே, என்று மேலிருந்து கேட்டார். ம்ம் என்றாள். ஊசி வாயில் இருந்தது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் குரல் காட்டிக் கொடுத்திருக்கும். அடியே, இது அதுவா? அதுதானா?

அதுதான் போய்விட்டதே. கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லி, மாதா மாதம் கொட்டிய ரத்தத்தில் அவள் வெளுத்துப் போய், கறுப்புப் பாவாடை தவிர வேறு எதையும் உடுத்தத் துணியாமல் திரிந்து, கடைசியில் எடுத்துவிடுவதே மேல் என்று எடுத்தாயிற்று. ஆஸ்பத்திரிக்கு வந்த அக்கா ஆரஞ்சை உரித்துக்கொண்டே, அந்த சமாச்சாரமும் இதோட சரின்னு வெச்சுக்கோ, இனிமே நிம்மதியா தூங்கலாம் என்றாள், ஏதோ வீட்டில் கொசுத்தொல்லை ஒழிந்த மாதிரி. டாக்டரம்மா, ஒன்றரை மாசம் போகட்டும், அப்புறம் எல்லாம் வழக்கம்போல இருக்கலாம் என்று அந்த ‘எல்லாம்’ மேல் ஒரு அழுத்தம் கொடுத்து இவரைப் பார்த்தார், இவர் தொண்டையைச் செருமி, மாடிப்படி ஏறலாமா டாக்டர் என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்து, தையல் இழுத்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்றரை மாதமும் போயிற்று, அதற்குமேல் இன்னொரு மாதமும் போயிற்று. மாதத்தின் நடுவில் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த அந்தக் கொதிப்பு வரவேயில்லை. குளிக்கும்போது, படுக்கும்போது, மெஷினை மிதிக்கும்போது உள்ளே காது கொடுத்துப் பார்த்தாள், காலி பண்ணின வீடு மாதிரி கிடந்தது. அந்தப் பைக்குள்தான் ஆசையும் குடியிருந்தது போலிருக்கிறது, இரண்டையும் ஒரே கத்தியில் எடுத்துவிட்டார்கள். மகள் வேலைக்குப் போகிற வயதில் இதற்காகவா அழுவது என்று குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அவரும்தான் மாறிவிட்டார். துணி துவைத்தார், வாளி தூக்கினார், அவள் தலையைக்கூட வாரிவிட்டார், ஆனால் கட்டிலில் ஓரத்துக்குப் போய், திரும்பினால் விழுந்துவிடும் இடத்தில் படுத்துக்கொண்டார். அடிவயிற்றுத் தையலை அவள் கண்ணாடியில் பார்த்தாள், நல்ல கை, எங்கேயும் இழுக்காமல் சுருங்காமல் போட்டிருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது... ஆனால் அவருக்கு அது எப்படித் தெரிகிறதோ. அருவருப்பா? இரக்கமா? இரக்கம் என்றால் அது இன்னும் மோசம். இனி நான் இவருக்கு யார், கூடப் பிறந்தவளா, குடியிருப்பவளா? கேட்க நாக்கு எழவில்லை.

போன் அடித்தது. ஒரு கையால் திரையைப் பிடித்துக்கொண்டே அவர் போனைத் தோளில் இடுக்கினார், கூட வேலை செய்கிறவர் ஏதோ அவசரமாகக் கேட்பது கேட்டது. இல்லப்பா, மாத்து சாவி இருந்தாலும் கூடாது, என்றார் இவர். பூட்டு போட்டவன் வந்துதான் திறக்கணும். அவன் உள்ள நல்லா இருக்கானா இல்லையான்னு நமக்குத் தெரியுமா? நாம தொடக்கூடாது, காத்திருக்கணும், அவ்வளவுதான். பழுது பார்க்க லிப்ட் குழிக்குள் இறங்குகிறவர் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டு இறங்குவார், முதலாளியே வந்து நின்றாலும் அதை வேறு யாரும் திறக்கக்கூடாது. இதை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார், அவள் எத்தனை முறை கொட்டாவி விட்டிருப்பாள். இப்போது கொட்டாவி வரவில்லை. ஊசி விரலில் குத்தியது, குத்தியதே பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ராத்திரி, தூக்கத்தில் அவர் கை வயிற்றில் விழ, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, தொடாதீங்க என்றாளே... சொன்னது அவள்தானே. அதன்பிறகு தொடலாம் என்று யார் சொன்னது? யாருமே சொல்லவில்லை. அட மனுஷா, இத்தனை நாளும் ஓரத்தில் படுத்துக் காத்துக்கொண்டா இருந்தீர்?

பிரமிப்பாக இருந்தது, பயமாகவும் கொஞ்சம். இது பழைய கொதிப்பு இல்லை, அது அடிவயிற்றிலிருந்து முரட்டுத்தனமாகக் கிளம்பி, ஆளை இழுத்துக்கொண்டு போய், முடிந்ததும் நாள் தள்ளிப்போகுமோ என்ற கவலையில் கொண்டுபோய் விடும். இதற்கு அவசரமே இல்லை. உள்ளங்கையில் இருக்கிறது, காதின் பின்னால் இருக்கிறது, முழங்காலுக்குப் பின்னால்... முழங்காலுக்குப் பின்னால் ஒரு இடம் இருப்பதே இந்த வயதில்தான் தெரிகிறது. எந்தத் தேதியும் இதை அனுப்பவில்லை, எந்தப் பிள்ளையும் இதற்காகக் காத்திருக்கவில்லை. எடுத்ததெல்லாம் போக உடம்பு இவ்வளவு மிச்சம் வைத்திருந்ததா? எங்கே வைத்திருந்தது? அவள் கையை நீட்டி அந்தக் கணுக்காலைப் பிடித்தாள். அவர் ஆடாமல் நின்றார்.

“என்ன, வலிக்குதா?”

ஊசிகளை வாயிலிருந்து எடுத்தாள். “வலிக்கல.”

“சரி” என்று திரையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். அவள் சொல்லாவிட்டால் சாயங்காலம் வரைக்கும் இப்படியே நிற்பார், மறுநாளும் நிற்பார், வருடக்கணக்கில் நிற்பார், முகத்தைச் சுளிக்கவும் மாட்டார். சொல்லத்தான் வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது? இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை, உடம்பே கேட்டுக்கொண்டது, இல்லையென்றால் அவர் கேட்டார். அவளுக்கென்று இதற்கு ஒரு வார்த்தை இருந்ததேயில்லை.

“இறங்குங்க” என்றாள்.

“முடிஞ்சுதா?”

“இல்ல” என்றாள். அவர் ஒரு காலை ஸ்டூலிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்தபடி அவள் முகத்தையே பார்த்து நின்றார், அடுத்து தன் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று அவளும் அவரோடு சேர்ந்து காத்திருந்தாள்.